கை கழுவச் சொல்வதற்கு முன்

ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவர், பள்ளிக்கூடச் சுவர், ஊராட்சி அலுவலகத்தின் வெளிச்சுவர் என எங்கே பார்த்தாலும் ஒரே வகையான வாசகங்கள்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். சத்தான உணவு உண்ணுங்கள். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் எல்லா வாசகங்களும் நோயுற்றவரை நோக்கித்தான் விரலை நீட்டுகின்றன. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதை யார் திறந்துவிடுகிறார்கள், ஊர்ச் சாக்கடை எந்தத் தெருவில் போய் முடிகிறது என்று எந்தச் சுவரும் கேட்பதில்லை.

சேரிகளில் வேலை செய்யும் எங்களைப் போன்ற சமூகப் பணியாளர்களின் கையிலும் இதே வாசகங்கள் அச்சிட்ட துண்டறிக்கைகளைத்தான் கொடுத்து அனுப்புகிறார்கள். பொதுச் சுகாதாரம் என்றால் தனிமனிதப் பழக்கம், பழக்கம் சரியில்லாதவர்களுக்கு நோய் வருகிறது என்பதே இந்த அறிக்கைகளின் அடியில் ஓடும் கருத்து. இதைச் சமூகவியல் வகுப்பறையில் மறுப்பது எளிது. ஒரு காலனியின் குழாயடியில் நின்று மறுப்பதற்குத்தான் உழைப்பு தேவைப்படுகிறது. அந்த உழைப்பைப் பற்றி இளைய தோழர்களோடு பேச விரும்புகிறோம்.

வடமாவட்டம் ஒன்றில் நாங்கள் சில ஆண்டுகளாகப் போய்வரும் ஒரு காலனி. ஊரில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் குழாய் ஊர்த் தெருக்கள் எல்லாவற்றுக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு, தார்ச்சாலையைக் கடந்து, கடைசியாகக் காலனிக்கு வருகிறது. வழியில் பல வீடுகளில் மோட்டார் வைத்து நேராகக் குழாயிலிருந்தே உறிஞ்சுகிறார்கள். காலனிக்கு வரும்போது தண்ணீருக்கு மேலே ஏறும் தெம்பு இருக்காது. ஆகவே தெருக்குழாய்களைச் சுற்றி மக்கள் குழி தோண்டி வைத்திருந்தார்கள். குழிக்குள் குடத்தை இறக்கினால்தான் தண்ணீர் விழும். மழை பெய்தால் சாக்கடை நீரும் அதே குழியில் நிற்கும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. காலனிக்குப் போகும் குழாய் ஓரிடத்தில் ஊர்ச் சாக்கடைக்கு அடியில் போகிறது. குழாயில் விரிசல் இருந்தாலும், தண்ணீர் ஓடுகிற வரைக்கும் அழுத்தம் வெளிநோக்கி இருப்பதால் ஆபத்து குறைவு. தண்ணீரை நிறுத்தியதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. அப்போது வெளியே நிற்கும் கழிவுநீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் எந்த இடத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. வரிசையில் கடைசியாக இருப்பவர்களுக்கு அது கூடுதலாக உண்டு. கடைசியில் யார் இருக்கிறார்கள் என்பதை நம் கிராமங்களில் நிலத்தின் மேடுபள்ளம் தீர்மானிப்பதில்லை, சாதி தீர்மானிக்கிறது.

மழைக்காலம் தொடங்கினால் அங்கே குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. முகாம் நடக்கும், மாத்திரை கொடுப்பார்கள், காய்ச்சிக் குடிக்கச் சொல்வார்கள். ஐந்து மணிக்கு எழுந்து களையெடுக்கப் போகிற பெண், ஐந்து பேர் குடிக்கிற தண்ணீரை எந்த நேரத்தில், எந்த அடுப்பில் காய்ச்சுவார்? சிலிண்டர் விலை தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்.

அந்த ஆண்டு நாங்கள் துண்டறிக்கை எதையும் கொடுக்கவில்லை. காலனியின் கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து வரைபடம் வரைந்தோம். எந்தெந்த இடத்தில் குழாய், எவ்வளவு நேரம் தண்ணீர், சாக்கடை எந்தப் பக்கம், கடந்த இரண்டு மாதத்தில் எந்த வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. இது புதிய முறையல்ல. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகளை வரைபடத்தில் குறித்து, பிராட் தெருவின் ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றி அவை குவிந்திருப்பதைக் காட்டினார். காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. எங்கள் படத்திலும் புள்ளிகள் குவிந்தன, சாக்கடையைக் கடந்துவரும் குழாயின் கடைசி இரண்டு தெருக்களில்.

பிறகு குளோரின் சோதனை. இதற்கான சின்னப் பெட்டி ஊராட்சிகளிலேயே இருக்கும். தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டால் குளோரின் இருக்குமானால் மஞ்சள் நிறம் வரும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் மஞ்சள் வந்தது. காலனியின் கடைசிக் குழாயில் தண்ணீர் நிறம் மாறாமலே இருந்தது. இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு அக்கா கேட்டார்: “அப்போ மருந்துகூட ஊரோட நின்னுடுது, இல்ல?”

வரைபடத்தை மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபைக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. அதற்கு முன் எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. அது இன்னும் எங்களுக்குள் முடியவில்லை என்பதால் இங்கே சொல்கிறோம். காலனிப் பெண்கள் பலரும் தனித் தொட்டி கேட்டார்கள். “அவங்க தயவே வேணாம், எங்களுக்குன்னு ஒண்ணு கட்டிக் குடுங்க” என்றார்கள். மாணவர்கள் எதிர்த்தார்கள். தனித் தொட்டி என்பது தனி டம்ளரின் பெரிய வடிவம்தானே என்று கேட்டார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்ததை ஒரு தம்பி நினைவூட்டினான். குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்று, தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகே தொட்டிமீது ஏறிப் பார்த்தார்கள். தனியாக ஒரு தொட்டி இருந்தால், அதில் என்ன நடந்தாலும் ஊர் தாகத்தோடு தவிக்கப் போவதில்லை என்றான் அவன். ஒரு பாட்டி அவனைப் பார்த்து, “நீ சொல்றது சரிதான் சாமி. ஆனா எம் பேத்தி குடிக்கிறது இன்னிக்குத் தண்ணி” என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. கடைசியில் இப்படிக் கேட்பதென்று முடிவு செய்தோம்: தொட்டி ஒன்றே இருக்கட்டும், ஆனால் காலனிக்குப் போகும் வால்வை முதலில் திறக்க வேண்டும். சாக்கடைக்கு அடியில் போகும் குழாயை மாற்ற வேண்டும். குழிகளை மூடி மேடை கட்டித் தர வேண்டும்.

கிராம சபையில் முதலில் வந்த பதில், “உங்க ஆளுங்க சுத்தமா இருந்தா ஏன் சீக்கு வரப்போகுது?” என்பதுதான். வரைபடத்தை விரித்தோம். சுத்தத்தில் ஒரே மாதிரி இருக்கிற வீடுகள், குழாய் மாறும்போது நோயில் மாறுவதைக் காட்டினோம். அதற்குப் பதில் வரவில்லை. வால்வு பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர் எழுந்து, “அப்போ அவங்களுக்கு விட்ட மிச்சத்தை நாங்க குடிக்கணுமா?” என்றார். தொட்டியிலிருக்கும் தண்ணீர் யாரும் தொடாத தண்ணீர். அது எப்படி மிச்சமாகும்? அவர் பேசியது சுகாதாரம் அல்ல, தீட்டு.

இந்த வேறுபாட்டை நாம் கூர்மையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாதி பேசும் சுத்தமும் சுகாதாரம் பேசும் சுத்தமும் ஒன்றல்ல, பல இடங்களில் நேரெதிரானவை. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் தண்ணீர் அருந்தினார்கள். பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923லேயே தீர்மானம் போட்டிருந்தது. மகாத் நகராட்சியும் அதை ஏற்றிருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, குளம் சாதிக்காரர்களின் கையில் இருந்தது. மக்கள் தண்ணீர் குடித்த பிறகு குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். எப்படி? 108 பானைகளில் சாணம், கோமியம், பால், தயிர் கலந்து குடிநீரில் ஊற்றி. ஆடுமாடு குடிக்கலாம், பிற மதத்தவர் குடிக்கலாம், தலித் குடித்தால் தீட்டு. அந்தத் தீட்டைப் போக்கச் சாணத்தைக் குடிநீரில் கரைக்கலாம். கிருமியைப் பற்றி எட்டாம் வகுப்பில் படித்த எந்தப் பிள்ளையும் சொல்லும், அன்று குளம் அசுத்தமானது எப்போது என்று.

இதே தீட்டு மருத்துவத்துக்குள்ளும் வருகிறது. கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை பற்றி 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் நூலாக வெளிவந்த ஆய்வு, 33 விழுக்காடு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைவதில்லை என்று கண்டது. 48.4 விழுக்காடு கிராமங்களில் நீர்நிலைகள் தலித்துகளுக்கு மறுக்கப்பட்டிருந்தன. அதே காலனியில் தெருமுனையிலேயே நின்று பெயரைக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறோம், திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு ரத்தக் கொதிப்பு பார்த்த நர்ஸம்மாவையும் பார்த்திருக்கிறோம். பின்னவர் வந்த பிறகு கர்ப்பிணிகள் தாங்களாகவே தேடிப்போய்ப் பதிவு செய்தார்கள். நம்பிக்கை என்பதும் ஒரு மருந்துதான். மரியாதை இல்லாத இடத்தில் அது கிடைக்காது.

உடலைப் பற்றியும் இதையே சொல்லலாம். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடச் சொல்வது சரிதான். ஆனால் நாள் முழுக்கக் களையெடுத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சிய சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிடுகிற பெண்ணுக்குக் கூலியையும் வீட்டுக்குள்ளிருக்கும் ஆணாதிக்கத்தையும் சேர்த்துத்தான் மருந்துச்சீட்டு எழுத வேண்டும். இந்த இரண்டாவது பகுதி நம் சேரிகளுக்குள்ளும் பேசப்பட வேண்டியது.

ஊரைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள் யார் என்றும் கேளுங்கள். அந்த ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் எல்லோரும் காலனிப் பெண்கள். ஊர்த் தெருக்களைக் கூட்டிவிட்டு வருகிறார்கள். அவர்கள் தெருவைக் கூட்ட ஆள் இல்லை. கையுறை கேட்டால் அடுத்த மாதம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. சட்டங்களும் தொகையும் கூடியிருக்கின்றன. சாவு நிற்கவில்லை. நகரத்தின் சுகாதாரத்துக்காக ஒரு சாதியின் நுரையீரலைச் செலவழிக்கலாம் என்ற எண்ணம் மாறாதவரை அது நிற்காது.

அந்தக் காலனியில் என்ன நடந்தது? மூன்று கிராம சபைகள் ஆயின. சாக்கடைக்கு அடியிலிருந்த குழாய் மாற்றப்பட்டது. ஐந்து குழிகளில் மூன்று மூடப்பட்டு மேடை கட்டியாயிற்று. வால்வு முதலில் திறக்கும் முறை ஒரு மாதம் நடந்தது, நின்றது, மறுபடி கேட்டு மறுபடி தொடங்கியது. அடுத்த மழையில் வயிற்றுப்போக்கு குறைந்தது, இல்லாமல் போகவில்லை. இப்போது வால்வு திறக்கும் நேரத்தைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி வருகிறார்கள். அந்த நோட்டு கிராம சபைக்கு வரும் என்பது டேங்க் ஆபரேட்டருக்கும் தெரியும்.

தோழர்களே, உங்கள் ஊரிலும் இதைத் தொடங்கப் பெரிய நிறுவனம் தேவையில்லை. தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி தொட்டியிலேயே எழுதியிருக்கிறதா பாருங்கள். குளோரினைத் தொட்டியடியில் மட்டுமல்ல, கடைசிக் குழாயிலும் சோதிக்கச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு கிராம சபை நாள்களிலும் எழுத்தில் கோரிக்கை கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைச் சரிபாருங்கள். குடிநீரும் வடிகாலும் துப்புரவும் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமை, யாருடைய தயவும் அல்ல. கிராம சுகாதாரக் குழுவுக்கு வரும் நிதி எதற்குச் செலவானது என்று கேளுங்கள். பட்டியல் சாதியினர் பயன்படுத்தும் நீரை அசுத்தப்படுத்துவதும், மருத்துவமனைக்குள் நுழைவதைத் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றங்கள். அதையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையே ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அரசியல் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குழந்தை பிழைத்த மறுநாள் குழாயைப் பற்றிப் பேசுங்கள். இரண்டையும் செய்கிறவர்தான் களப்பணியாளர்.

தமிழில் கை கழுவுதலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சேரியின் ஆரோக்கியத்தை அரசும் ஊரும் அந்த இரண்டாவது பொருளில்தான் நெடுங்காலமாகக் கைகழுவி வந்திருக்கின்றன. மக்களிடம் சோப்பை நீட்டுவதற்கு முன் அந்தக் கணக்கைக் கேட்போம்.