மண்ணுக்கு ஒரு போர்வை

மாசி, பங்குனி மாதங்களில் ஜலகண்டாபுரத்துத் தெருக்களில் காலை வேளையில் நடந்து செல்வோர் இரண்டு ஓசைகளைக் கேட்பர். ஒன்று தறியின் ஓசை. மற்றொன்று துடைப்பத்தின் ஓசை. தறி ஊருக்குச் சோறு போடுகிறது. அதைப் பற்றி எழுத நம்மினும் தகுதி வாய்ந்தோர் உளர். நாம் எழுத விரும்புவது துடைப்பத்தைப் பற்றி. வேம்பும் புங்கும் இலை உதிர்க்கும் அந்நாட்களில், நமது இல்லத்தரசியர் சருகு முழுவதையும் பெருக்கிக் கூட்டி, வேலியோரம் குவித்து, ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போடுகின்றனர். அரை மணி நேரம் தெரு முழுதும் புகை. சாம்பலும் காற்றோடு போய்விடுகிறது. அன்று மாலையே அதே முற்றத்தில் நிற்கும் முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் ஊற்றத் தண்ணீர் இல்லையே என்று அவர்களே வருந்துகின்றனர்.

ஊரின் பெயரில் ஜலம் இருக்கிறது. கிணற்றில் இருக்கிறதா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை நமக்கு அதிகத் தொலைவில் இல்லை. ஆயினும் அங்குத் தேங்கும் காவிரி நெடுங்காலமாகக் கீழைச் சீமைகளுக்கே பயன்பட்டு வந்தது. அணையின் உபரி நீரைச் சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்கு ஏற்றி நிரப்பும் திட்டம் 2021-இல் தொடங்கி வைக்கப்பட்டது, நன்று. எனினும் உபரி என்பது அணை நிரம்பினால்தானே வரும்? வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டிய நீரை வீட்டு முற்றத்திலேயே காத்துக்கொள்வது ஒன்றே நமது கையில் இருக்கிறது. அவ்வாறு காப்பதற்கு மலிவான பொருள் நாம் தீ வைக்கும் அந்தச் சருகேயாகும்.

மண்ணின் மேற்பரப்பைச் சருகாலோ வைக்கோலாலோ வேறு பொருளாலோ மூடி வைப்பதை மூடாக்கு என்பர். புதிய கண்டுபிடிப்பு என்று யாரும் எண்ண வேண்டா. கோடையில் மேல்மண்ணைப் புழுதிபட உழுது விட்டு, அடி ஈரம் மேலே ஏறி ஆவியாகாதபடி தடுப்பதும் ஒருவகை மூடாக்கே. புழுதியே அங்குப் போர்வையாகிறது. நமது மானாவாரி உழவர்கள் இதனை எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. ஜப்பானிய உழவரான மசானபு ஃபுகோகா, அறுத்த நெல்லின் வைக்கோலை அந்த வயலிலேயே பரப்பி விடுவதைத் தமது வேளாண்மையின் உயிராகக் கொண்டார். அவருடைய நூல் 1975-இல் வெளிவந்து, பின்னர் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ என்று தமிழிலும் வந்தது. 2013-இல் மறைந்த நம்மாழ்வார் ஐயா தமிழகத்தின் ஊர்களெல்லாம் நடந்து மூடாக்கின் பெருமையைச் சொன்னார். 1960-களில் கோவில்பட்டியில் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, அப்பணியை விட்டு வெளியேறியவர் அவர். அலுவலகத்தை விட்டு வந்த பின்னரே உழவர்களிடம் அவருக்குச் செல்வாக்கு மிகுந்தது என்பது சிந்திக்கத் தக்கது.

இவ்வளவு தொலைவு போவானேன்? ஏற்காட்டுக்குப் போய் வரும் நமது மக்கள் காப்பித் தோட்டத்து நிழலில் காலை வைத்துப் பார்த்திருப்பர். கால் மெத்தென்று அமிழும். மேல் இலை காய்ந்திருக்கும்; அதற்கு அடியிலுள்ளது நைந்திருக்கும்; அதற்கும் அடியில் கறுத்து ஈரமான மண், மண்புழுவின் நெளிவு. அங்கு யாரும் பெருக்குவதில்லை. மலையடிவாரத்தில் நமது செம்மண்ணோ வெறுமையாகக் கிடக்கிறது. சித்திரை நண்பகலில் அதன் மேற்பரப்பின் வெப்பம் 50 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் மேல்வேர்கள் கருகும். பிறகு கோடை மழை வந்து ஓங்கி அடிக்கும்போது, ஒவ்வொரு துளியும் மண்ணை இடித்து, நுண்ணிய துகள்களைத் துளைகளில் அடைத்து, காய்ந்தபின் ஓடு போல் இறுகச் செய்கிறது. அடுத்த மழை உள்ளே இறங்காது தெருவில் ஓடுகிறது. சேலம் மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். குறைவென்று சொல்ல முடியாது; நிற்க இடந்தான் இல்லை.

இதை நாம் பங்கு மக்களுக்குச் சொல்லத் தொடங்கிய போது எதிர்ப்பு வந்த திசை நாம் நினைத்தது அன்று. கோயில் வளவைப் பெருக்கிக் காத்து வரும் முதியவரான கோயிற்பிள்ளையிடமிருந்து அது வந்தது. “சாமி, கோயில் வாசல்ல குப்பையைப் போட்டு வெச்சுக்கிட்டு, பூசைக்கு எப்படிங்க மணி அடிக்கறது?” என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. நமது நாட்டில் பெருக்கிய முற்றம் என்பது வெறும் தூய்மை அன்று, அது மானம். கூரை ஒழுகும் வீட்டிலும் வாசல் பெருக்கியிருக்கும். விடியுமுன் எழுந்து பெருக்குவதையே நாற்பது ஆண்டுகளாகத் தம் வழிபாடாகச் செய்து வந்த ஒருவரிடம் சென்று, ‘சருகை விட்டுவிடுங்கள்’ என்றால், ‘நீர் இதுவரை செய்த வேலை வீண்’ என்று அவர் காதில் விழும். மண்ணைக் காக்கப் புறப்பட்டு ஒரு மனிதரின் மதிப்பைக் குலைப்பது அருட்பணியாகாது. ஆகவே நாம் அவருடன் வாதாடவில்லை. வாசலும் வழிநடையும் முன்போல் பெருக்கப்பட வேண்டும். பெருக்கிய சருகு நெருப்புக்குப் போகாமல் மரத்தடிக்குப் போக வேண்டும். எந்த மரத்துக்கு எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். ஒரு வாரம் பேசாதிருந்தார். பிறகு ஒரு நாள் காலை, கிழக்குப் பக்கத்து வேம்பின் அடியில் சருகு வட்டமாக, ஓரம் நேராகக் கத்தரித்தாற்போல் பரப்பப்பட்டிருந்தது. அவர் கைவேலை அப்படித்தான் இருக்கும்.

குருவானவர் எழுதினால் மறையுரை வந்தே தீரும் என்று அஞ்சுவோர்க்காகச் சுருக்கமாகவே சொல்லி விடுகிறோம். தொடக்க நூலின் 2-ஆம் அதிகாரத்தில் முதல் மனிதன் தோட்டத்தில் வைக்கப்படுவது அதைப் பயிரிடவும் காக்கவுமே. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், 22-ஆம் பத்தியில், இயற்கையில் ஓர் உயிரின் கழிவு மற்றோர் உயிருக்கு உணவாகும் முறையை எடுத்துக்காட்டி, மனிதனின் தொழில்முறை அதைக் கற்கவில்லை என்கிறது. எரித்தே ஆக வேண்டிய ஓலை ஒன்று நம்மிடம் உண்டு: சென்ற ஆண்டுக் குருத்தோலை. சாம்பல் புதனுக்கு அது வேண்டும். மற்றவற்றுக்கு அந்தத் தேவை இல்லை.

நிற்க. எதைக் கொண்டு மூடுவது? இதில்தான் பலர் தடுமாறுகின்றனர்.

தென்னை உள்ள வீட்டார் கொடுத்து வைத்தவர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னைக்குச் சொல்லும் அளவு இது: மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப் பாத்தியில் 100 உரிமட்டைகளைக் குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்குமாறு, முதுகு மேலே தெரியக் கவிழ்த்து அடுக்கலாம். அல்லது 15 காய்ந்த ஓலைகளைப் பரப்பலாம். அல்லது நார்க்கழிவை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு இடலாம். மட்டையைக் கவிழ்த்து வைப்பதற்குக் காரணம் உண்டு. மல்லாத்தி வைத்தால் அதில் நீர் தேங்கிக் கொசு வளரும். தென்னங்கழிவைப் பரப்ப வேண்டுமேயன்றிக் குவித்து வைத்தலாகாது. மக்கும் எருக்குவியலிலும் அழுகும் தென்னந்துண்டிலுமே காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பிறகு அது குருத்தைத்தான் தேடி வரும்.

வேப்பஞ்சருகும் புங்கஞ்சருகும் விரைவில் மக்கி உரமாகும். மாவிலை தடித்தது, நாளாகும், ஆனால் அதனாலேயே கோடை முழுதும் நிற்கும். புளியஞ்சருகு பொடியானது, காற்றில் பறந்து அண்டை வீட்டுக்குப் போய்விடும், சண்டையைக் கொண்டு வரும். அதை ஈரப்படுத்தி மற்றச் சருகுக்கு அடியில் இடுக. எண்ணெய் ஆலைகளில் கிடைக்கும் நிலக்கடலைத் தோல் பூந்தொட்டிக்கும் மல்லிகைப் பாத்திக்கும் மிக நன்று. அதில் பருப்பு தங்கியிருந்தால் எலியும் எறும்பும் வரும், புடைத்து இடுக. கரும்புச் சோகை நீண்ட நாள் உழைக்கும். வயலில் அதை எரிக்கும் உழவரிடம் கேட்டால் வண்டியோடு கொடுப்பார்.

வைக்கோலையும் சோளத் தட்டையையும் பற்றி நூல்கள் புகழ்ந்து எழுதுகின்றன. நாம் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. இந்தச் சமவெளியில் அவை மாட்டின் உணவு. செடிக்குப் போர்வை வேண்டும் என்று பசுவின் வாயிலிருந்து பிடுங்குவது என்ன தோட்டக்கலை? மழையில் அழுகி மாடு மறுத்ததை மட்டும் கொள்ளலாம்.

அறுப்பு மில்லின் மரத்தூள் கண்ணுக்கு அழகாயிருக்கும். அதில் கரிமச்சத்து மிகுதி, தழைச்சத்து அரிது. அதை மண்ணோடு கலந்துவிட்டால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ள, செடி வெளிறிப் போகும். மேலே மெல்லியதாகத் தூவினால் கேடு குறைவு. மக்காத தென்னை நார்க்கழிவின் குணமும் இதுவே. தறிக்கூடத்துச் சாயநூல் கழிவைத் தோட்டத்தில் பரப்பலாமா என்று ஓர் இளைஞர் கேட்டார். வேண்டா. சாயத்தில் இருப்பது என்னவென்று அறியாமல் கீரைப் பாத்திக்கு அருகே அதைக் கொண்டு போகலாகாது. செயற்கை இழையோ மக்குவதும் இல்லை.

புதிதாக வீடு கட்டுவோர் முற்றத்தில் வெள்ளைக் கூழாங்கல்லைக் கொட்டுகின்றனர். கல்லும் ஈரத்தைக் காக்கும் என்பது உண்மையே. ஆனால் அது மண்ணுக்கு எதையும் கொடுப்பதில்லை. பகலின் சூட்டை மாலையில் வீட்டுச் சுவருக்குத் திருப்பித் தருகிறது. தக்காளி, தர்ப்பூசணி வயல்களில் சொட்டுநீரோடு விரிக்கும் நெகிழித் தாள் வணிக உழவுக்குப் பயன்படலாம். வீட்டில் அது இரண்டு கோடையில் கிழிந்து, துண்டு துண்டாக மண்ணில் தங்கி விடுகிறது.

பங்கில் ஒரு கைம்பெண் இருக்கிறார். தறி வேலைக்குப் போய் வருபவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னம்பிள்ளை, ஒரு கறிவேப்பிலை, பத்து மல்லிகைச் செடி. மல்லிகை அவருக்கு அழகுக்கன்று; பள்ளிக்குச் செல்லும் பேத்தியின் நோட்டுப் புத்தகச் செலவுக்கு. “சாமி, தெனமும் நாலு கொடம் ஊத்தறேனுங்க. சாயங்காலம் பாத்தா மண்ணு வெடிச்சுக் கெடக்குது. குடிக்கற தண்ணியச் செடிக்கு ஊத்தறேன்னு மருமக பேசறா” என்று சொன்னார். மாசியில், பாத்தியைக் களையெடுத்து, நன்றாக நீர் பாய்ச்சி, கடலைத் தோலும் வேப்பஞ்சருகும் கலந்து மூன்று விரற்கடை உயரம் பரப்பச் சொன்னோம். பங்குனி முடியுமுன் மூன்று நாளுக்கு ஒரு முறை நீர் விட்டால் போதும் என்ற நிலை வந்தது. தென்னம்பிள்ளைக்கு அவ்வளவு பயன் தெரியவில்லை. அது பாறை மேல் நிற்கிறது என்று நினைக்கிறோம். மருமகளின் பேச்சு நின்றதா என்று நாம் கேட்கவில்லை.

பரப்பும் முறையில் சில செய்திகள். முதலில் களை, பிறகு நீர், அதன் பிறகே மூடாக்கு. காய்ந்த மண்ணை மூடினால் வறட்சியையே மூடி வைத்ததாகும். தண்டைத் தொடும்படி குவித்தால் அடித்தண்டு அழுகும். ஒரு சாண் இடைவெளி விடுக, சிறு செடிக்கு நான்கு விரல் போதும். விதைத்த பாத்தியை மூடலாகாது. நாற்று ஒரு சாண் உயர்ந்த பின் மூடுக. சாதாரணக் களைகள் இருட்டில் மடியும். கோரை மட்டும் எதையும் துளைத்துக்கொண்டு வரும், அதைக் கிழங்கோடு தோண்டத்தான் வேண்டும். பூத்த பார்த்தீனியத்தை மூடாக்காக இடுவது விதைப்பதற்கு ஒப்பாகும். மூடாக்கு மிகத் தடித்தால், சிறு தூறலை அதுவே குடித்துவிட்டு மண்ணுக்கு ஒன்றும் விடாது.

பாம்பு, தேள், கரையான் என்று தாய்மார் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடோம். குழந்தைகள் விளையாடும் முற்றம் அது. வீட்டுச் சுவரிலிருந்தும் நிலைக்கதவிலிருந்தும் மூன்றடிக்குள் எதையும் பரப்ப வேண்டா. மற்ற இடத்தில் மூன்று விரற்கடைக்கு மேல் வேண்டா. மட்டை அடுக்கு தெருப்பக்கத் தென்னைக்கு மட்டும் இருக்கட்டும். கிளறும்போது கோலால் கிளறுக, கையால் அன்று. கரையான் காய்ந்த சருகைத்தான் முதலில் தின்னும். ஈரம் அறவே வற்றிய இளங்கன்றைத் தாக்குவதும் உண்டு, ஆகவே கன்றின் அடியில் ஈரம் காக்க.

ஐப்பசி மழையில் நத்தை பெருகினால் சருகைச் சற்று விலக்கி வைத்து, கார்த்திகையில் மழை ஓயும் தறுவாயில் மீண்டும் பரப்பினால், இறங்கிய நீர் தை வரை தங்கும். அதற்கான சருகை இப்போதே சாக்கில் சேர்த்து வைக்க வேண்டும். கோயில் வளவிலிருந்து எடுக்க விரும்புவோர் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சாக்குடன் வரலாம். மேற்குப் பக்கத்துப் புங்க மரங்களின் அடியில் வேண்டியமட்டும் கிடக்கிறது. கிழக்கு வேம்பின் அடியில் இருப்பதை மட்டும் தொட வேண்டா. அது கோயிற்பிள்ளைக்கு உரியது, அவர் கணக்கு வைத்திருக்கிறார்.