ஒரு முடி, இரண்டு சுபாவம்

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் எங்கள் கரையோரத்தில் களத்து நெல்லும் காயும், கொடியில் போட்ட புடவையும் காயும், மனிதரின் பொறுமையும் சற்றுக் காயும்; ஆனால் தலைமுடியானது அந்தக் காற்றுக்கு ஒருவிதமாகவும் மாரிகாலத்து வாடைக்கு வேறுவிதமாகவும் நடந்துகொள்கிறது என்பதையும், அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தொழில் செய்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதையும், பாடசாலை உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகும்வரை நான் அறிந்ததில்லை. அறிய வைத்தவள் என் ராத்தாவின் இளைய மகள்.

அவளுக்குப் பிறவியிலேயே இறுகிய சுருட்டை முடி. பள்ளிக்கூடத்தில் அதைக் 'காப்பிரி முடி' என்று கேலி செய்தார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவர் காலத்திலும் இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் சந்ததியாராகிய காப்பிரியர் இன்றும் புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில் வாழ்கிறார்கள் என்பதைச் சரித்திர வகுப்பில் கற்பித்த நானே, அந்தக் கேலியை ஒருநாளும் கண்டித்ததில்லை என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். கலியாணம் நிச்சயமானவுடன் அவள் கொழும்புக்குப் போய், பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலங்கார நிலையத்தில், பத்து மாதத்துக்குள் இரண்டு தடவை முடியை நேராக்கும் ரீபொண்டிங் செய்துகொண்டு வந்தாள். கலியாணப் படத்தில் முடி கோரையைப் போல நேராக விழுந்திருந்தது. அதன்பின் சீப்பு நிறைய முறிந்த துண்டுகள். இனி மருந்தே வேண்டாம், பிறந்த முடியே வளரட்டும் என்று அவள் தீர்மானித்துப் பத்து மாதம் கழிந்தபோது, வேரிலிருந்து ஆறு விரற்கடைக்குச் சுருட்டையும் அதற்குக் கீழே இடுப்புவரை கோரையுமாக, இரண்டு பெண்களின் கூந்தலை ஒருத்தியின் தலையில் ஒட்டவைத்தது போன்ற ஒரு கோலம் உண்டாகியிருந்தது. விநாயகபுரத்தில் இதற்கென்றே கை வாய்த்த ஒருவர் இருக்கிறாராம் என்று யாரோ சொல்ல, ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், "சாச்சி, நீங்களும் வாங்களன்" என்று அவள் அழைத்ததன்பேரில் நானும் கல்முனையிலிருந்து பஸ் ஏறினேன்.

சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊரும் ஊரும் ஒட்டிக்கொண்டு வந்து, தம்பிலுவிலையும் திருக்கோவிலையும் கடந்தபின் வீதியில் ஆரவாரம் அடங்குகிறது. இந்தப் பாதையில் அக்கரைப்பற்றுக்குத் தெற்கே போக முஸ்லிம்களாகிய எங்களவரும், வடக்கே வரத் தமிழரும் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அதை இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. இப்போது தலைமுடி விஷயமாகப் போய்வருகிறார்கள்.

அந்த அம்மையாரின் கடை கடையன்று. வீட்டு முன்விறாந்தையைத் தகரத்தால் மறைத்து, வாசலுக்குக் கனத்த திரை போட்ட ஓர் அறை. வீடு அவருடைய தாயின் சீதனமாக வந்து அவருக்குச் சீதனமானது. குடியும் வீடும் தாய்வழியில் இறங்கும் வழக்கத்தைத் தமிழரும் முஸ்லிம்களுமாகிய நாங்கள் இருசாராரும் பேணுகின்ற இந்தக் கிழக்குக் கரையில், தன் பெயரில் வீடுள்ள ஒரு பெண் யாரிடமும் அனுமதி கேளாமல் அதற்குள்ளே ஒரு தொழிலைத் தொடங்கிவிடலாம் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. அவருடைய கணவர்கூட வெளியில் நின்று குரல் கொடுத்துவிட்டே தேநீரைத் திரைக்குக் கீழாக நீட்டினார். ஆகவேதான் முக்காட்டுப் பெண்கள் அத்தனை தூரத்திலிருந்தும் வருகிறார்கள்.

எங்களைக் கண்டதும் அவர் சீப்பை எடுக்கவில்லை. பிள்ளையை இருத்தி, ஓர் இழையை எடுத்து, இரு விரல்களுக்கிடையில் மேலிருந்து கீழே மெல்ல உருவிக்கொண்டு போய், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தா டீச்சர், இந்த இடந்தான் பொருத்து. வேரால வாறது புள்ளட சொந்த முடி. கீழ உள்ளது மருந்து குடிச்ச முடி, அது இனிச் சுருளாது. முறியிறதெண்டா இதுலதான் முறியும்."

தச்சுவேலையிலிருந்து எடுத்த அந்தச் சொல்லைவிடப் பொருத்தமானதொன்றை நான் பின்னர் எவ்வளவு யோசித்தும் காணவில்லை. மருதமுனைத் தறிகளில் தடித்த நூலையும் மெல்லிய நூலையும் பிணைத்தால் பிணைத்த இடத்திலேயே அறும் என்று நெசவாளர் சொல்வதும் இதே விஷயந்தான்.

மருந்தின் ரசாயனத்தை அவர் பாடமாகச் சொன்னார். முடி கெரட்டின் என்னும் புரதத்தாலானது. அப்புரதத்தின் சரங்களைக் குறுக்கே கட்டி வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். ரீபொண்டிங் களிம்பிலுள்ள தயோகிளைக்கொலேற்று அப்பிணைப்புகளை அறுக்கும். அறுந்த நிலையில் சூடான அயனால் முடியை நேராக இழுத்துவைத்து, ஐதரசன் பரவொட்சைட்டுச் சேர்ந்த மற்றொரு களிம்பினால் அந்த நேர்நிலையிலேயே திரும்பப் பூட்டிவிடுவார்கள். ரிலாக்ஸர் என்று விற்கப்படும் சிலவற்றில் சவர்க்காரம் காய்ச்சுகிற எரிசோடாவே இருக்கிறது; அது பட்ட தலையில் தயோ மருந்தை வைத்தால் முடி கையோடு கழன்று வரும் என்பதனால், புதிதாக வருகிறவளிடம் அவர் கேட்கும் முதற் கேள்வி, "முந்தி என்ன மருந்து போட்ட நீங்க?" என்பதே. மருந்து முடியை மாற்றுமேயன்றி முடிக்குழியை மாற்றாது. குழி வளைந்திருக்கும்வரை அதிலிருந்து எழும் முடியும் வளைந்தே எழும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றராக, எவருடைய அவசரத்தையும் பொருட்படுத்தாமல்.

"அக்கா, ஒரேயடியா வெட்டிட்டா என்ன?" என்று மகள் கேட்டாள்.

"வெட்டலாம் மகள். நாளைக்குக் கண்ணாடியப் பாத்து அழுதா ஒட்டித் தர ஏலாது."

இரு சுபாவமுள்ள முடியை ஒன்றுபோல் தோன்றச் செய்வதற்கு உபாயங்கள் இரண்டு: புதிய சுருட்டையை அயனால் நேராக்கிப் பழையதோடு சேர்ப்பது ஒன்று, பழைய கோரையைச் சுருளச் செய்து புதியதோடு சேர்ப்பது மற்றொன்று. முன்னதை அவர் செய்வதில்லை. சூடு பொருத்தைத்தான் முதலில் தின்னும் என்பது அவர் கட்சி. பின்னதற்கு அவர் கையாளும் முறையை அன்று முற்பகல் முழுவதும் அருகிலிருந்து பார்த்தேன்.

செவ்வரத்தம் இலையை முதல்நாள் இரவே தண்ணீரில் கசக்கி வடித்து வைத்திருந்த வழுவழுப்பான சாற்றை, நான்காக வகிர்ந்த நனைந்த தலையில் ஊற்றி, முதலில் விரல்களாலும் பின்பு பல் அகன்ற சீப்பாலும், நுனியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சாணாக மேலேறிச் சிக்கெடுத்தார். அவ்வளவு நேரமும் இடது கைவிரல்கள் பொருத்துக்குச் சற்றுக் கீழே முடியை இறுகப் பிடித்திருந்தன, இழுப்பு அவ்விடத்தை எட்டாதபடி. உலர்ந்த தலையில் சீப்பு வைக்க ஒருவரையும் அவர் அனுமதிப்பதில்லை. கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர். பிறகு உள்ளங்கையில் தேய்த்த தேங்காயெண்ணெய். தேங்காயெண்ணெய் முடியின் உள்ளே புகுந்து புரதம் கழுவுண்டு போவதைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் கனிய எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று 2003 இல் இந்திய ஆய்வாளர் இருவர் பரிசோதித்து எழுதியதை நான் எடுத்துச் சொன்னபோது, "இதுக்கும் ஆராய்ச்சியா டீச்சர்?" என்று சிரித்தார்.

ஈரம் முக்கால்வாசி வற்றியபின் முறுக்கு. ஒரு பிடி முடியை இரண்டாகப் பிரித்து, கயிறு திரிப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரி ஏற்றுகிறார். வேர்ப்பக்கம் தானே சுருளும். ஆகவே அங்கே கை தளர்வு. பொருத்தைக் கடந்தவுடன் புரி இறுகுகிறது. நுனியோ சுருளை மறந்துபோன முடி, விட்டால் அவிழ்ந்துவிடும், அதனால் கடைசி நான்கு விரற்கடையை, பழைய சாரனிலிருந்து கிழித்த துணித்துண்டில் சுற்றி முடிச்சிடுகிறார். இப்படி இருபத்தாறு முறுக்குகள் எண்ணினேன். மகள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு மணி நேரம் கழித்துத் துணிகளை அவிழ்த்து, எண்ணெய் தடவிய விரல்களால் ஒவ்வொரு முறுக்கையும் கீழிருந்து பிரித்தபோது, கோரை எங்கே முடிந்தது, சுருட்டை எங்கே தொடங்கியது என்று நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடவேண்டியிருந்தது.

இந்தச் சுருள் நான்கு நாள் நிற்கும், ஆனால் கச்சானில்தான். கந்தகப் பிணைப்பு அல்லாமல், தண்ணீர் பட்டால் தளர்ந்து உலர்ந்தால் இறுகும் இன்னொருவிதப் பிணைப்பும் முடியில் உண்டு. முறுக்கு நம்பியிருப்பது அதையே. கார்த்திகை, மார்கழியில் வாடையோடு வரும் ஈரக்காற்று காலையில் போட்ட சுருளை மத்தியானத்துக்குள் கலைத்துவிடும். அதனால் அந்த மாதங்களில் அவர் முறுக்குப் போடுவதில்லை. இறுக்கமில்லாத பின்னலும் தாழ்ந்த கொண்டையுந்தான். அதிலும் கட்டுகிற இடத்தைக் கிழமைக்கொரு தடவை மாற்றச் சொல்கிறார்.

முக்காட்டைப் பற்றி அவருக்குள்ள ஞானம் எங்களிற் பலருக்கில்லை. பருத்தித் துணி எண்ணெயை உறிஞ்சுவதோடு பொருத்தை உரசிக்கொண்டேயிருக்கும். உள்ளே ஒரு சாட்டின் தொப்பி போட்டால் உரசாது. ஈரத்தலையில் முக்காடு போடலாகாது; இரவில் முழுகிக் காயவைத்துவிட்டு விடியக் கட்டவேண்டும். "நீங்க மூடுற முடிதானே, ஏன் இந்தப் பாடு எண்டு கேக்கிறாக்கள் இருக்காங்க. மூடினாலும் அது அவட முடிதானே, டீச்சர்?" இதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

இந்த முறுக்கை அவர் கற்றது எந்தப் பயிற்சி நிலையத்திலும் அன்று. கட்டாரில் நான்கு வருஷம் வீட்டு வேலை செய்தபோது, அதே வீட்டில் வேலை செய்த எத்தியோப்பியப் பெண்ணின் தலையை வெள்ளிக்கிழமைகளில் முறுக்கிக் கொடுத்திருக்கிறார். இருவருக்கும் பொதுவாக இருந்தவை ஐம்பது அரபுச் சொற்களும் ஒரு சீப்புமே. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் சிகையைப் பொருளாகக் கொண்டு பெருஞ்செல்வம் ஈட்டிய மடம் சி. ஜே. வோக்கர் (1867–1919) முதலானோரின் சரித்திரமும், அதே நாட்டில் 1960 களில் மருந்தில்லாத முடியே ஓர் அரசியற் பிரகடனமான கதையும் நான் புத்தகத்தில் படித்தவை. விநாயகபுரத்துக்கு அந்தக் கலை வந்து சேர்ந்தது ஒரு பணிப்பெண்ணின் விரல்வழியாக; இங்கே அதை எவரும் பிரகடனம் என்று கருதுவதில்லை.

வருமானத்தைக் கேட்டேன். ரீபொண்டிங்குக்கு ஒரு பகல் போதும், கூலி அதிகம், வேர் வளர்ந்தவுடன் அதே ஆள் திரும்பவும் வந்தாக வேண்டும். முறுக்குக்கும் நுனி வெட்டுக்கும் கிடைப்பது சிறு கூலி. ஒன்றரை வருஷத்தில் ஆள் குணமாகிப் போய்விடுகிறாள். அப்படியிருந்தும் மருந்து வேலையை அவர் விட்டுவிட்டார். கெரட்டின் ட்றீட்மென்ட் என்ற பெயரில் வந்த போத்தலொன்று, அயன் பட்டதும் கண்ணெரிச்சலையும் மூச்சடைப்பையும் கொடுத்ததாம். அப்படிப்பட்ட சிலவற்றில் சூட்டினால் வெளிவருவது போமல்டிஹைட் வாயு. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் முடிவு செய்தது. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழப் பதினொரு வருஷம் தொடர்ந்து கவனித்து 2022 இல் வெளியிட்ட ஆய்வு, எழுபது வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் சாத்தியம், நேராக்கும் மருந்தைத் தொடாதவர்களிடம் நூற்றுக்கு 1.64 ஆகவும், அடிக்கடி பாவித்தவர்களிடம் 4.05 ஆகவும் இருந்ததாகக் கணித்தது. மருந்தே காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. தொடர்பு உண்டு என்றுதான் சொல்கிறது. இருந்தாலும் வாடிக்கைக்காரி சில மணி நேரம் சுவாசிப்பதை நாள்தோறும் சுவாசிக்கிறவள் தொழிலாளி என்பதை இவ்வகைப் பேச்சில் எவரும் நினைப்பதில்லை.

திரும்பும் நேரத்தை எதிர்பார்த்திருந்தபோது எனக்கு ஒரு வெட்கமான எண்ணம் வந்தது. பெண்களின் கூந்தல் முடிப்பை நிகண்டுகள் ஐந்தாக வகுத்து, முடி, கொண்டை, குழல், பனிச்சை என்பவற்றோடு சுருளையும் சேர்த்து எண்ணியிருக்கின்றன. பழம்புலவர்கள் கூந்தலுக்கு உவமை தேடியபோது, நீர் வடிந்த ஆற்றில் அலையலையாகப் படிந்து கிடக்கும் கருமணலை, அறலை, மீண்டும் மீண்டும் எடுத்தாண்டார்கள். வகுப்பில் அறல் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதிப்போட்ட கரும்பலகைக்கு எதிரே முன்வரிசையில் இருந்த சுருட்டைத் தலைகளை நான் பார்க்கவேயில்லை.

நாங்கள் புறப்படுமுன் அக்கரைப்பற்றுப் பிள்ளை ஒருத்தி வந்தாள். மருந்தை விட்டு அவளுக்குப் பதினெட்டு மாதம் நிறைந்திருந்தது. சுருட்டை, இழுத்துப் பிடித்தால் ஒரு சாண். அம்மையார் பொருத்தைத் தடவிப் பார்த்து, அதற்கு ஒரு நூலளவு மேலே கத்தரிக்கோலை வைத்து, சுற்றிவர வெட்டினார். பத்து நிமிஷ வேலை. ராத்தாவின் மகள் நாற்காலியின் பின்னால் நின்று கண் வாங்காமல் பார்த்தாள். தரையில் விழுந்த நேர்முடியை அம்மையார் குப்பையோடு கூட்டவில்லை. குனிந்து பொறுக்கி, பழைய பத்திரிகைத் தாளில் மடித்து, அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தார். வெட்டிய முடியை நாங்கள் வளவிலே புதைப்போம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.