சவுகார்பேட்டையில் ஒரு பை வேட்டை!

ஃபேர்வெல் டின்னர், அக்கா கல்யாண ரிசப்ஷன், கல்ச்சுரல்ஸ் நைட்... புடவை ரெடி, ஜிமிக்கி ரெடி, செருப்புகூட ரெடி. கிளம்புற நேரத்தில்தான் பல்பு எரியும். 'போனையும் பணத்தையும் எதுல போட்டுக்கிட்டுப் போறது?' தினமும் காலேஜுக்குத் தூக்கிட்டுப் போற பையையே பட்டுப்புடவை மேல மாட்டினா, ரிசப்ஷனுக்கு வந்த மாதிரி இருக்காது. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வந்த மாதிரி இருக்கும்!

அதனால, இந்த சனிக்கிழமை சவுகார்பேட்டைக்கு ஒரு விசிட் அடிங்க. ஞாயிறு வேண்டாம், பெரும்பாலான மொத்தக் கடைகளுக்கு லீவு. சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷனே ஹைகோர்ட். வெளியே வந்தால் என்.எஸ்.சி. போஸ் ரோடு. சைனா பஜார் ரோடு என்பது இதன் பழைய பெயர். அப்படியே மேற்கே நடங்க. கைவண்டி, ஸ்கூட்டர், தலையில் மூட்டையோடு ஓடுகிற அண்ணன்கள்... ஓரமா போறதுதான் சேஃப்டி. கிழக்கிந்திய கம்பெனி காலத்தில் நாணயம் அச்சடித்த இடம் இருந்ததால் தங்கசாலை என்று பெயர் வாங்கிய மின்ட் ஸ்ட்ரீட் இங்கேதான். மார்வாடி, குஜராத்தி குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை போட்ட ஏரியா. ஜரிகை, கல், பாசி, வெல்வெட்... மினுக்குகிற எதுவும் இங்கே கிடைக்கும். ஈவ்னிங் பைகளுக்கு நாராயண முதலி தெருவையும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவையும் விசாரித்து நுழையுங்க.

முதலில் கண்ணில் படுவது 'போட்லி'. பேரைக் கேட்டு மிரளாதீங்க. நம்ம ஆத்தா வெற்றிலை, பாக்கு, சில்லறை போட்டு இடுப்பில் செருகி வைக்கிற அதே சுருக்குப் பைதான், ஜரிகை வேலைப்பாட்டோடு ஜோரா வந்திருக்கு! இதுக்கு வெளிநாட்டிலும் சொந்தக்காரங்க உண்டு. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் கவுன்கள் மெல்லிசாகிப் போக, பாவாடைக்குள் கட்டியிருந்த பாக்கெட் வெளியே புடைத்துத் தெரிந்தது. பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, கையில் சின்ன சுருக்குப் பையைப் பிடித்தார்கள் அந்த ஊர் அம்மணிகள்.

அடுத்தது கிளட்ச். ஷோகேஸில் பார்த்தால் சூப்பர். ஆனா ரிசப்ஷன் ஹாலை ஒரு நிமிஷம் யோசிங்க. ஒரு கையில் கிஃப்ட், இன்னொரு கை கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க. பந்தியில் சாப்பாடு, கிளம்பும்போது தேங்காயோடு தாம்பூலப் பை. கிளட்சை எங்கே வைப்பீங்க? சேர் மேல வெச்சா, போட்டோ எடுத்துட்டு வர்றதுக்குள்ள காணாமப் போகலாம். கோகோ ஷனேல் 1955 பிப்ரவரியில் கொண்டுவந்த பையில் தோளில் மாட்ட செயின் வைத்ததே, கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கத்தான். அந்த மாதமும் வருஷமும் சேர்ந்துதான் அதுக்கு '2.55'னு பேராச்சு. ஆக, கிளட்ச் வாங்கினால், உள்ளே மடித்து வைக்கிற செயின் உள்ளதா பார்த்து வாங்குங்க.

இன்னும் முக்கியமான விஷயம், ஃபங்ஷனுக்குப் போறப்ப கூட்டமா போவோம். திரும்பும்போது ராத்திரி பத்து மணிக்கு நீங்க தனியா நிற்கலாம். அப்போ போன், ரூம் சாவி, ஐ.டி. கார்டு, ஆட்டோவுக்குப் பணம், ஒரு நாப்கின், ரெண்டு ஊக்கு... இந்த ஆறும் உங்க தோளிலேயே இருக்கணும். தோழியின் பையில் போனைக் கொடுத்து வைத்து, அவ முன்னாடியே கிளம்பிட்டா? இந்த ஆறும் அடங்காத பை எவ்வளவு அழகா இருந்தாலும் அது உங்க பை இல்லை.

அதனால கடையிலேயே டெஸ்ட் வெச்சிடுங்க. உங்க போனை உள்ளே போட்டு மூடிப் பாருங்க. இப்போதைய போன்கள் 16 செ.மீ. நீளம் இருக்கு, பல பெட்டி கிளட்சுகளில் நுழையவே நுழையாது. மூடியதும் தலைகீழாக் கவிழ்த்து லேசா ஆட்டுங்க. கொக்கி திறந்தால் ரிஜெக்ட். புறங்கையால் கல், ஜரிகை மேல தடவுங்க. கீறினால், அது உங்க பட்டுப்புடவையில் இழை இழுக்கப் போகுதுன்னு அர்த்தம். செயின் மாட்டுற இடத்துத் தையலை இழுத்துப் பாருங்க.

மேட்சிங்? பெரிய ஜரிகை பார்டர் புடவைக்கு வேலைப்பாடில்லாத பை. பிளெயின் புடவைக்குக் கல் வைத்த பை. ரெண்டும் மின்னினா யார் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. புடவை கலரைத் தேடி அலையாதீங்க, ஜரிகையைப் பாருங்க. தங்க ஜரிகைன்னா கோல்டு, வெள்ளி ஜரிகைன்னா சில்வர். ஒரே பை பத்துப் புடவைக்கு ஓடும். அனார்கலிக்கு மணிக்கட்டில் தொங்குற போட்லி, கவுனுக்குச் செயின் வைத்த கிளட்ச்.

சில மொத்தக் கடைகளில் டஜனாத்தான் தருவாங்க. அசராதீங்க. ஹாஸ்டல் தோழிகள் 12 பேர் சேர்ந்து ஒரு டஜன் எடுத்துப் பங்கு போட்டுக்கலாம். பைக்காசு மிச்சம்!

கடைசி டெஸ்ட், சவுகார்பேட்டை ஸ்பெஷல் முறுக்கு சாண்ட்விச். வாங்கின பையைத் தோளில் மாட்டிக்கிட்டு, ரெண்டு கையாலும் பிடிச்சு, சட்னி சிந்தாம சாப்பிட்டுப் பாருங்க. பை நழுவலையா? அப்ப அது எந்த ரிசப்ஷனையும் தாங்கும்!