மரக்காணத்து வெள்ளைப் பொட்டல்

பாலை நிலத்தைப் படிக்கும் மாணவர்களை ராஜஸ்தான் வரை கூட்டிப்போக வசதியில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்து மரக்காணம் உப்பளத்தில் இறங்கினோம். கண் கூசும் வெள்ளை. ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

"இது பாலைவனமா சார்?" என்றாள் ஒரு மாணவி. மழைக் கணக்குப்படி இல்லை. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்தால் பாலை என்பது பாடநூல். இங்கே 1000 மில்லிமீட்டரைத் தாண்டும். ஆனால் உப்பேறிய மண்ணில் தண்ணீர் நின்றாலும் வேரால் அதை இழுக்க முடியாது. செடி தாகத்திலேயே காயும். வரப்போரம் உமரிச் செடி மட்டும் சதைப்பற்றான இலையோடு சிவந்து கிடந்தது.

பிறகு யாரும் செடியைப் பார்க்கவில்லை, பாத்தியையே பார்த்தார்கள். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே அளவில் கடல்நீர் 3 டிகிரி. அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிடுகிறார்கள். வழியில் ஜிப்சம் படிந்துவிடும். 25 டிகிரியை எட்டியதும் உப்புப் பூக்கத் தொடங்குகிறது: முதலில் தண்ணீர் மேல் மெல்லிய ஏடு, அது கனத்ததும் அடியில் படிகிறது. 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசக்கும். அதற்குள் மீதித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அனுபவசாலிக்குக் கருவியே வேண்டாம், தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்.

நீளமான மூங்கில் பிடி போட்ட பலகையால் ஒருவர் உப்பை வாரிக்கொண்டிருந்தார். அழுத்தினால் அடிச்சேறு கலந்துவிடும், தளர்த்தினால் உப்பு தங்கிவிடும். ஒரு மாணவன் வாங்கி இழுத்துப் பார்த்தான், வந்தது சேறு. பெரியவர் சிரித்தார். அந்தத் தரையைப் பருவத் தொடக்கத்தில் காலால் மிதித்து மிதித்துத்தான் இறுக்குகிறார்களாம். அவர் குதிகால் வெடிப்பில் உப்பு வெள்ளையாக ஏறியிருந்தது.

கூடை சுமந்த அம்மா ஒருவர் நின்று பேசினார். "ஒரு தூறல் போட்டாப் போதும் கண்ணு, வார வேண்டியதெல்லாம் தண்ணியாப் பூடும். அன்னிக்குக் கூலியும் இல்ல." குஜராத்தின் சின்ன ரண் என்னும் உப்புப் பாலையில் அகரியா மக்கள் உப்புநீர்க் கிணறு தோண்டி, குடிசை போட்டுத் தங்கி இதே உப்பைத்தான் விளைவிக்கிறார்கள். அங்கேயும் மழைதான் வேலையை நிறுத்துகிறது.

பக்கிங்காம் கால்வாய் முடிகிற இடம் மரக்காணம். ஒரு காலத்தில் தோணியில் சென்னைக்குப் போன உப்பு இப்போது லாரியில் போகிறது. சுற்றிலும் இறால் பண்ணைகள் வந்துவிட்டன. பக்கத்துக் கழுவெளியை 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், நல்ல காரியம். அங்கே வரும் பூநாரைக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது, உப்பு வாருகிறவர்களுக்கு?

ஐப்பசி பிறந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மழை மாதங்களுக்கென்று தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். போதாது, கூட்டித் தர வேண்டும்.