வழியை நடந்து பார்த்தவர்

உயிருக்கு ஆபத்து உண்டென்று தெரிந்திருந்தும் ஒருவர் ஒரு விளையாட்டில் இறங்கலாமா? தம்மோடு ஒரு வாயில்லாப் பிராணியையும் அந்த ஆபத்தினுள் இட்டுச் செல்லலாமா? 2024-ஆம் ஆண்டில் பாரிஸ் ஒலிம்பிக் நடைபெற்ற நாள்களில் நம் பங்கு இளைஞர் சிலர் இக்கேள்வியை நம்மிடம் கொணர்ந்தனர். வெர்சாய் அரண்மனைப் பூங்காவில் நடந்த குதிரையேற்றப் போட்டியை அவர்கள் தொலைக்காட்சியில் கண்டிருந்தனர். "கொலை செய்யாதே என்னும் ஐந்தாம் கட்டளை நம் சொந்த உயிரையும் காக்கச் சொல்கிறதே, அப்படியிருக்க இது தகுமா?" என்பதே அவர்களது ஐயம். நல்ல ஐயம். விடை கூறுமுன் அவ்விளையாட்டைச் சற்று அறிந்துகொள்ள முற்பட்டோம். அறிய அறிய, நம் இல்லங்களுக்கும் அதிலே ஒரு பாடம் இருக்கக் கண்டோம். அதனை இங்கே வாசகர்முன் வைக்கிறோம்.

இப்போட்டிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'ஈவென்டிங்'. மூன்று நாள் போட்டி என்றும் நெடுங்காலம் வழங்கி வந்தனர். இது பிறந்த இடம் படைமுகாம். குதிரைப் படை அதிகாரியின் குதிரைக்கு மூன்று தகுதிகள் தேவைப்பட்டன: அணிவகுப்பில் அமைதியாகக் கீழ்ப்படிய வேண்டும், காடு, மேடு, ஓடை எது வந்தாலும் அஞ்சாமல் கடக்க வேண்டும், அத்தனை உழைப்புக்குப் பின்னும் மறுநாள் வேலைக்கு உடல்நலத்தோடு எழுந்து நிற்க வேண்டும். இம்மூன்றையும் சோதிக்க எழுந்த தேர்வே 1912-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் போட்டியாயிற்று. தொடக்கக் காலத்தில் இராணுவ அதிகாரிகளே இதில் பங்கேற்றனர். 1964-இல் டோக்கியோவில்தான் முதன்முதலாக ஒரு பெண்மணி இதில் இறங்கினார். அமெரிக்காவின் லானா டுபான்ட் என்னும் அவ்வீராங்கனை, வழியில் இருமுறை விழுந்தும் எழுந்து ஓட்டத்தை முடித்துத் தம் அணியோடு வெள்ளிப் பதக்கம் பெற்றார். இன்று ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே விதியின்கீழ்ப் போட்டியிடுகின்றனர். 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் ஜெர்மனியின் யூலியா கிராயெவ்ஸ்கி, இவ்விளையாட்டில் தனிநபர் தங்கம் வென்ற முதற் பெண்மணி ஆனார்.

நம் நாட்டிற்கும் இதிலே பங்குண்டு. 1982-ஆம் ஆண்டு தில்லி ஆசியப் போட்டியில் ரகுபீர் சிங் தனிநபர் தங்கம் வென்றார். அணித் தங்கமும் இந்தியாவுக்கே கிட்டியது. பெங்களூரைச் சேர்ந்த ஃபுவாத் மிர்சா, 2018-இல் ஜகார்த்தாவில் இரு வெள்ளிப் பதக்கங்கள் பெற்று, அதன்பின் டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-ஆம் இடத்தை எய்தினார்.

முதற்கட்டத்தில் குதிரை, வீரரின் மிக நுண்ணிய குறிப்புக்கும் இசைந்து, வரையறுத்த நடைகளை நடந்து காட்டும். நடுவர் மதிப்பெண் இடுவர். இறுதிக் கட்டத்தில் களத்தில் நிறுத்திய வண்ணக் கட்டைகளைத் தாண்ட வேண்டும். கட்டை ஒன்று விழுந்தால் நான்கு புள்ளிகள் தண்டம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட திறந்தவெளி ஓட்டமே இவ்விளையாட்டின் உயிர்நிலை. உயர்நிலைப் போட்டிகளில் நிமிடத்திற்கு 570 மீட்டர் வேகத்தில் குதிரை பாய்ந்தோட வேண்டும். வழியெங்கும் மரத்தடிகள், பள்ளங்கள், நீர்நிலைகள், சரிவுகள். குதிரை ஒரு தடையின்முன் நின்று மறுத்தால் 20 புள்ளிகள் தண்டம். உரிய நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு நொடிக்கும் தண்டம் உண்டு.

ஆபத்து எங்கே இருக்கிறது? இந்தத் தடைகளுட் பல, களத்துக் கட்டைகளைப்போல் தட்டினால் விழுபவை அல்ல. நிலத்தில் ஊன்றி நிற்பவை. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள குதிரை, தன் முன்னங்கால்கள் மேல்மரத்தில் இடித்துக்கொண்டால், சில வேளைகளில் தலைகீழாகச் சுழன்று, முன்னே விழுந்த வீரர்மேலேயே விழுந்துவிடும். 1999-ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் ஐந்து வீரர்கள் இவ்விளையாட்டின் திறந்தவெளி ஓட்டத்தில் உயிரிழந்தனர். குதிரைகளும் மாண்டதுண்டு. 2021-இல் டோக்கியோவில், சுவிட்சர்லாந்து வீரர் ஒருவரின் 'ஜெட் செட்' என்னும் குதிரை, ஓட்டத்தின் இறுதியில் கால் தசைநார் அறுந்து, மீட்க வழியின்றிக் கருணையோடு உயிர் துறக்கச் செய்யப்பட்டது.

1999-இன் துயரம் அவ்விளையாட்டின் பெரியோரை உறங்கவிடவில்லை. காரணங்களை ஆராய அமைந்த குழு 2000-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. அதன் சாரம் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: முதலாவதாகக் குதிரை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கவசமும் மார்புக் கவசமும் தேவைதான். ஆயினும் சுமக்கிறவன் விழுந்துவிட்டால், சுமக்கப்படுகிறவனை எந்தக் கவசம் முழுதும் காப்பாற்றும்? இதனையொட்டிப் பின்வந்த ஆண்டுகளில், தடையின் மேல்மரத்தைத் தாங்கும் முளையைக் கடும் பாரம் மோதும்போது முறிந்துவிடுமாறு அமைத்தனர். முளை முறிந்தால் மரம் கீழே இறங்கும். குதிரை சுழலாது தப்பும். வீரர் வழியில் விழுந்தால் அத்தோடு அவரது ஓட்டம் முடிந்தது என்றும் விதி செய்தனர்.

இந்த விதியைப் படித்தபோது ஒரு பழைய வீரரை எண்ணிப் பார்த்தோம். 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் பில் ராய்கிராஃப்ட், தமது 45-ஆம் வயதில், திறந்தவெளி ஓட்டத்தில் விழுந்து எலும்பு முறிந்து மருத்துவமனை சேர்ந்தார். அவர் மறுநாள் களமிறங்காவிடில் அணிக்கே வாய்ப்பில்லை. மருத்துவரின் சொல்லையும் மீறிப் படுக்கையிலிருந்து எழுந்து வந்தார். பிறர் உதவியால் சேணத்தில் ஏறினார். ஒரு கட்டையும் விழாமல் தாண்டி முடித்தார். அணி தங்கம் வென்றது. அவரது உள்ளத்தின் உரத்தை எவர்தாம் வியவார்? எனினும் இன்றைய விதியின்படி, விழுந்த அத்தோடு அவரது திறந்தவெளி ஓட்டம் முடிந்திருக்கும். அவ்விதி வீரத்தைக் குறைத்ததாக நாம் கருதவில்லை. வீரத்தோடு விவேகத்தையும் அது சேர்த்தது என்றே கருதுகிறோம்.

நம் ஞானத் தந்தையர் கற்பித்ததும் இதுவே. விவேகம், நீதி, திடன், மட்டசனம் என்னும் தலையாய நற்பண்புகள் நான்கினுள் திடனைப் பற்றி அக்குவினா புனித தோமையார் விரிவாக ஆராய்ந்துள்ளார். அச்சத்தை அடக்குவதும் திடனே. அளவு மீறிய துணிச்சலைத் தணிப்பதும் திடனே என்பது அவர் காட்டும் நெறி. தாக்குவதைக் காட்டிலும் தாங்கி நிற்பதே திடனின் சிறந்த செயல் என்றும் அவர் தெளிவுபடுத்துகிறார். 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், வேகப் பித்தினால் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவோரைக் கடிந்துரைக்கிறது; விலங்குகளைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கு ஒவ்வாது என்றும் கற்பிக்கிறது. ஆகவே இளைஞருக்கு நாம் சொன்ன விடை இது: பயிற்சியும் எச்சரிக்கையும் அடக்கமும் கூடிய துணிவு, இறைவன் தந்த கொடையைப் பயன்படுத்துவதாகும். புகழுக்காகவோ பந்தயத்துக்காகவோ கண்ணை மூடிக்கொண்டு பாய்வது அக்கொடையை வீதியில் எறிவதாகும். விளையாட்டு ஒன்றே, உள்ளம் வேறு.

அவ்வேளையில் பூசை உதவும் சிறுவன் ஒருவன் குறுக்கிட்டான். "சாமி, அந்தக் குதிரைக்கு வழி தெரியுமா?" என்று கேட்டான். அக்கேள்வி நம்மைப் பல நாள் சிந்திக்க வைத்தது. ஏனெனில் உண்மை இதுதான்: குதிரைக்கு வழி தெரியாது. போட்டிக்கு முன்னரே வீரர் அவ்வழி முழுவதையும் தம் கால்களால் நடந்து பார்க்கிறார், பலமுறையும் நடக்கிறார். எந்தத் தடையை எந்தக் கோணத்தில் அணுகுவது, எங்கே வேகம் தணிப்பது, எங்கே மண் வழுக்கும் என்றெல்லாம் அடியளந்து மனத்தில் பதிக்கிறார். குதிரைக்கோ அத்தடைகளை முன்கூட்டியே காட்ட விதி இடந்தராது. பாய்ந்தோடி வரும்போதுதான் அது ஒவ்வொரு தடையையும் முதன்முறை காண்கிறது. சரிவின் அப்பால் என்ன இருக்கிறது, நீர் எவ்வளவு ஆழம் என்று அதற்குத் தெரியாது. இருந்தும் தாண்டுகிறது. கடிவாளத்தைப் பிடித்திருக்கும் கையை நம்பித் தாண்டுகிறது.

இவ்விளையாட்டின் பெரும் பேறு பதக்கமன்று, இந்த நம்பிக்கையே என்று துணிந்து கூறலாம். அது ஒரு நாளில் விளைவதில்லை. ஆண்டுக்கணக்கில் லாயத்தில் தீனியிட்டு, உடல் தேய்த்து, சிறு தடையிலிருந்து பெருந்தடைக்குப் படிப்படியாகப் பழக்கி வளர்ப்பது. பிரிட்டனின் லாரா கோலெட் 2013-இல் விழுந்து, குதிரை தம்மேல் விழ, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்தார். வலக் கண்ணின் பார்வையை இழந்தார். மீண்டும் ஏறினார். டோக்கியோவிலும் பாரிஸிலும் அணித் தங்கம் வென்றார். பாரிஸில் தனிநபர் வெண்கலமும் பெற்றார். அவர் காணாத பக்கத்தை அவரது குதிரை கண்டது. குதிரை அறியாத வழியை அவர் அறிந்திருந்தார். ஒருவர் குறையை மற்றவர் நிறைத்தனர்.

ஆனால் நம்பிக்கை பெற்றவருக்குப் பொறுப்பும் பெரிது. குதிரை களைத்துவிட்டது என்று உணர்ந்தால், வெற்றி கண்ணெதிரே இருந்தாலும், கடிவாளத்தை இழுத்து ஓட்டத்தை நிறுத்திக்கொள்வது நல்ல வீரருக்கு இலக்கணம். இறுதிக் கட்டத்திற்கு முன் மருத்துவர் குதிரையை நடத்தியும் ஓட்டியும் பார்க்கிறார். நொண்டினால் போட்டியில்லை. விவிலியத்தில் எண்ணிக்கை நூல் கூறும் பிலயாமை நினைவுகூருங்கள். அவனது கழுதை வழியில் நின்று மறுத்தது. அவன் மும்முறை அடித்தான். வாளேந்திய வானதூதர் முன்னே நிற்பதைக் கழுதை கண்டது; அவனோ காணவில்லை. மறுத்த கழுதையே அவன் உயிரைக் காத்தது!

பெற்றோரே, இங்கேதான் நம் இல்லங்களின் நிலை நினைவுக்கு வருகிறது. நம் பங்கில் ஓர் இளைஞன். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை இருமுறை எழுதியும் இடம் கிட்டவில்லை. மூன்றாம் ஆண்டும் எழுத வேண்டும் என்பது தந்தையின் முடிவு. மாலைச் செபமாலை முடிந்து எல்லாரும் சென்ற பின்னும் அவன் ஆலயத்தில் தனியே அமர்ந்திருப்பான். ஒருநாள் அருகில் அமர்ந்தோம். "அப்பாவிடம் முடியாது என்று சொல்லத் தெரியவில்லை, சாமி, உயிரோடு இருப்பதே பாரமாக இருக்கிறது" என்றான். அன்றிரவே அவனோடு அவன் இல்லம் சென்றோம். தந்தை நெடுநேரம் பேசவில்லை. நிலத்தை விற்று மகனைப் படிக்க வைத்தவர். அவரது வேதனையும் சிறிதன்று. கடைசியில் மகனைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு சொல்லில் கடிவாளம் தளர்ந்தது. இப்போது அவன் செவிலியர் படிப்பில் மகிழ்ச்சியோடு பயில்கிறான்.

பிள்ளைகளைத் தடைகளே இல்லாத வழியில் வளர்க்கச் சொல்லவில்லை. தாண்டப் பழகாத குதிரை லாயத்திலேயே மெலியும். அஞ்சி வளர்த்த பிள்ளையும் அவ்வாறே. தாண்டச் சொல்லுங்கள், ஆனால் வழியை முதலில் நீங்கள் நடந்து பாருங்கள். அப்படிப்பு என்ன கேட்கும், அத்தொழில் எத்தகையது, உங்கள் பிள்ளையின் வலிமை எவ்வளவு என்பதை அறிந்தபின் ஏவுங்கள். சிறு தடையில் தொடங்குங்கள். அவன் நின்று மறுக்கும்போது சவுக்கை எடுக்குமுன், நீங்கள் காணாத எதை அவன் காண்கிறான் என்று கேளுங்கள். நொண்டுகிறவனை ஓட்டாதீர்கள். தடைக்கட்டையின் முளைகூடப் பாரம் மிஞ்சினால் முறிந்து வழிவிடும்படி செய்யப்பட்டிருக்க, நம் பிடிவாதம் மட்டும் முறியாத இரும்பாக இருக்கலாமா?

நல்லாயன் ஆடுகளைப் பின்னின்று விரட்டுவதில்லை, முன்னே நடக்கிறார், அவர் குரலை அறிந்திருப்பதால் அவை பின்செல்கின்றன என்று நம் ஆண்டவர் தம்மைக் குறித்தே மொழிந்தார். பசி, களைப்பு, நண்பரின் கைவிடுதல், சாவின் அச்சம் ஆகிய அனைத்தையும் தாமே நடந்து பார்த்தபின்தான் அவர் நம்மை அழைக்கிறார். நமக்கோ அடுத்த தடை தெரியாது, அவருக்குத் தெரியும். அந்த நம்பிக்கையோடு நாம் வாழ்வோமாக. நம்மை நம்பி வாழும் சிறியோருக்கும் அத்தகைய கரமாக விளங்க அவரே நமக்கு வரம் தருவாராக.