தோற்றவரின் தாள்

சதுரங்கப் போட்டியில் ஆடுபவர் ஒவ்வொரு நகர்வையும் தமக்குரிய தாளில் உடனுக்குடன் எழுதிவர வேண்டும் என்பது விதி. பலகையின் நெடுக்கு வரிசைகளுக்கு ஆங்கில எழுத்துகளும் குறுக்கு வரிசைகளுக்கு எண்களும் இருப்பதால், ‘குதிரை எஃப்3’ என்று எழுதினாலே எந்தக் காய் எந்தக் கட்டத்துக்குப் போயிற்று என்பது விளங்கிவிடும். ஆட்டம் முடிந்ததும் முடிவைக் குறித்து இருவரும் கையொப்பமிடுகின்றனர். அதாவது, தோற்றவர் தம் தோல்வி எப்படி நேர்ந்தது என்பதை, அது நேர்ந்துகொண்டிருக்கும்போதே, தம் கைப்பட எழுதி ஒப்பமிட்டுத் தருகிறார். வேறு எந்தத் தொழிலிலும் இத்தனை நேர்மையான ஆவணம் கிடைப்பது அரிது.

இத்தாளின் அருமையை மிகயீல் போட்வின்னிக் அளவுக்கு அறிந்தவர் இலர். மின்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்ற அந்தச் சோவியத் ஆட்டக்காரர், ஆடிய ஆட்டங்களை விளக்கவுரையுடன் அச்சிட்டு வெளியிட வேண்டும் என்றும், அப்போதுதான் ஆய்வில் உள்ள பிழையைப் பிறர் எடுத்துக்காட்டுவர் என்றும் வற்புறுத்தினார். 1957-ல் ஸ்மிஸ்லோவிடம் உலகப் பட்டத்தை இழந்தவர், மறு ஆண்டே அதே ஸ்மிஸ்லோவுடன் மோதி, முதல் மூன்று ஆட்டங்களையும் வென்று பட்டத்தை மீட்டார். 1960-ல் 23 வயது மிகயீல் தால், காய்களைத் துணிந்து பலிகொடுத்துக் குழப்பம் விளைவிக்கும் தம் ஆட்டத்தால் அவரை 12½–8½ என்று வீழ்த்தியபோது, போட்வின்னிக்கின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் அவர் தோற்ற ஆட்டங்களை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார். காய்கள் தடையின்றி உலவும் திறந்த நிலைகளில்தான் தாலின் வலிமை பெருகுகிறது என்று கண்டு, அடுத்த ஆண்டு நடந்த மறுபோட்டியில் ஆட்டத்தை அடைபட்ட நிலைகளுக்கும், காய்கள் குறைந்துபோன இறுதிக் கட்டத்துக்கும் இழுத்துச் சென்று, ஐம்பதை நெருங்கிய வயதில் 13–8 என்று வென்றார். அவ்வாண்டு தால் சிறுநீரக நோயால் வாடினார் என்பதையும் சேர்த்தே இவ்வெற்றியை எடைபோட வேண்டும்; எனினும், ஸ்மிஸ்லோவையும் முன்பு அவ்வாறே வென்றவரின் உழைப்பை நோயின் கணக்கில் மட்டும் எழுதிவிடுவது நியாயமாகாது.

பின்னாளில் அவர் நடத்திய சதுரங்கப் பள்ளியிலும் இதுவே பாடமாயிற்று: கார்ப்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் ஆகியோர் பயின்ற அப்பள்ளியில், மாணவர் தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து, எங்கே ஏன் தவறினர் என்று விளக்க வேண்டியிருந்தது.

தோற்ற தாலின் பெயரோ சென்னைக்கு வந்து சேர்ந்தது. சோவியத் கலாசார மையத்தில் சதுரங்க ஆட்டக்காரர் மானுவேல் ஆரோனின் முயற்சியால் 1972-ல் தொடங்கிய மன்றத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது; சிறுவன் விசுவநாதன் ஆனந்த் அங்கேதான் மின்னல் ஆட்டம், அதாவது சில நிமிடங்களுக்குள் முடித்தாக வேண்டிய ஆட்டம், ஆடிப் பழகினான். வென்றவர் இருக்கையில் நீடிக்கலாம். தோற்றவர் எழுந்து, அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். நகர்வுகளை எழுதுவதற்கு அங்கே நேரமில்லை. பின்னாளில் உலகையே வியக்கவைத்த ஆனந்தின் வேகத்துக்கு அந்த இருக்கைப் போட்டியே முதல் பயிற்சி. ஐந்து முறை உலகப் பட்டம் வெல்வதற்கோ, போட்வின்னிக் வழியில் தாளோடு அமரும் பொறுமையும் அவருக்கு வேண்டியிருந்தது.