மூட்டை நிரம்பினால் போதுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கணக்கு வாத்தியார் வீடியோ கேம் பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். கடைசியில் சிரிக்க முடியாது.

கோடை விடுமுறைக்கு மகள் வீட்டுப் பேரன் வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். கூடவே நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கருவியும் வந்தது. அதை டிவியில் மாட்டி அவன் ஆடியது ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ என்ற விளையாட்டு. 2017 மார்ச் 3 அன்று வெளிவந்தது. செல்டா வரிசையின் முதல் விளையாட்டு 1986-லேயே ஜப்பானில் வந்துவிட்டது. உங்களில் பல பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

கதை சிறியது. நூறு வருடம் தூங்கி எழுந்த லிங்க் என்ற வீரன், கோட்டையில் இருக்கும் கேனான் என்ற பெருந்தீமையை அழிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எந்த வழியாகப் போவது, எப்போது போவது, என்ன எடுத்துக்கொண்டு போவது என்று யாரும் சொல்லமாட்டார்கள். காடு, மலை, பாலைவனம், ஆறு எல்லாம் திறந்தே கிடக்கும். இஷ்டம்போல் சுற்றலாம்.

தூங்கி எழும்போது வீரனிடம் மூன்றே மூன்று இதயம். அதுதான் உயிர்க் கணக்கு. கையில் ஒன்றும் இல்லை. மரத்தில் ஆப்பிள் பறிக்க வேண்டும், காளான் பொறுக்க வேண்டும், மீன் பிடிக்க வேண்டும். பனிமலையில் ஏறினால் குளிரில் உயிர் குறைந்துகொண்டே வரும். மிளகாய் சேர்த்துச் சமைத்துச் சாப்பிட்டால் சிறிது நேரம் குளிர் தாக்காது. நம் பாட்டிமார் சளிக்குக் காரமாக ரசம் வைத்த மாதிரி!

சமையலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நான் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். ஒரு பாத்திரத்தில் ஐந்து பொருள்வரை போடலாம். டுரியன் பழம் ஒன்று உண்டு. (குற்றாலத்தில் சீசன் சமயத்தில் கடைகளில் பார்த்திருப்பீர்கள், முள்ளாக இருக்கும்.) ஒரே ஒரு டுரியனைச் சமைத்தாலும் போன உயிர் முழுவதும் திரும்பி, மேலே நான்கு இதயம் கூடுதலாக வரும். ஐந்தையும் ஒன்றாகப் போட்டால் கூடுதல் இருபது. ஐந்தையும் ஒரே சட்டியில் போடுவதா, தனித்தனியாக ஐந்து முறை பிழைக்க வழி செய்துகொள்வதா? பேரனிடம் கேட்டேன். பத்து நிமிடம் யோசித்து, “தனித்தனியாதான் தாத்தா லாபம்” என்றான். பாஸ்.

இப்படியே இரண்டு வாரம் சேர்த்தான். பையில் டுரியன், மீன், தேன், அம்புகள், நல்ல நல்ல வாள்கள். ஆனால் சண்டை வந்தால் ஓடிவிடுவான். இந்த விளையாட்டில் வாள் சாதாரணமாகவே உடைந்துபோகும். அதனால் நல்ல வாளை எடுக்கவே மனசு வராது. “இது பெரிய சண்டைக்கு தாத்தா” என்பான். சரிடா, பெரிய சண்டை எப்போது? பதில் கிடையாது.

லைனல் என்று ஒரு மிருகம். மேலே சிங்க முகத்தோடு மனித உடம்பு, கீழே குதிரை உடம்பு. கதையில் ஒரு கட்டத்தில் அது உலாவும் மலைக்குப் போய் மின்சார அம்புகள் இருபது பொறுக்கி வரவேண்டும். பேரன் பாறைக்குப் பாறை பதுங்கிப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டான். அதில் தப்பில்லை, விளையாட்டே அதை அனுமதிக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு எங்கே லைனலைப் பார்த்தாலும் சுற்றுவழிதான். பை நிறைய ஆயுதம், மனசு நிறைய பயம்.

விளையாட்டைச் செய்தவர்கள் இந்தக் குணத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள் போல. நாடு முழுவதும் 900 விதைகளை ஒளித்துவைத்திருக்கிறார்கள். அவற்றைக் கொடுத்தால் ஆயுதப் பை பெரிதாகும். பையை முழுதாகப் பெரிதாக்க 441 விதை போதும். அதற்கு மேலும் விடாமல் 900-ஐயும் பொறுக்கியவனுக்கு என்ன பரிசு தெரியுமா? தங்க நிறத்தில் சாணி மாதிரி ஒரு உருண்டை. நாற்றம் வேறு அடிக்குமாம். ஒன்றுக்கும் உதவாது. இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்கள். (உங்கள் டீச்சரம்மாவைத்தான் சொல்கிறேன்.)

சண்டையைக் கற்றுக்கொடுக்கவும் அதில் இடம் இருக்கிறது. ககாரிகோ என்ற மலைக் கிராமத்தில் ஒரு சந்நிதி. உள்ளே ஒரு சிறிய இயந்திரம் எதிரியாக நிற்கும். நான்கே பாடம்: பக்கவாட்டில் குதித்துத் தப்புவது, பின்னால் பல்டி அடிப்பது, சரியான நொடியில் கேடயத்தால் தட்டிவிடுவது, பலத்தைத் திரட்டி ஓங்கி அடிப்பது. மேலிருந்து கீழாக வெட்டினால் பக்கவாட்டில் குதி. இடவலமாக வீசினால் பின்னால் போ. அடி விழப்போகும் கடைசி நொடியில் சரியாக விலகினால் நேரமே மெதுவாகி, உனக்கு நாலைந்து அடி அடிக்க வாய்ப்புக் கிடைக்கும். அவசரப்பட்டு முன்னாலேயே குதித்தால் ஒன்றும் கிடையாது.

இதில் எதையும் பையில் போட்டுக்கொள்ள முடியாது, கவனித்தீர்களா? வாள் கிடைக்கும், பழம் கிடைக்கும். அந்தக் கடைசி நொடி எது என்பது மட்டும் கைக்கும் கண்ணுக்கும் பழகித்தான் வரவேண்டும்.

பேரனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். “போய் அந்த லைனல்கிட்ட சாவு. செத்ததும் ஒரு வரி எழுது, எதனால செத்தேன்னு. அவ்வளவுதான்” என்றேன். விளையாட்டில் செத்தால் சற்று முன்னாலிருந்து மறுபடி ஆடலாம். நஷ்டம் இரண்டு மூன்று நிமிடம். முதல் நாள் எட்டு வரி. எல்லாம் “அடிச்சுட்டான்” என்றே இருந்தது. இரண்டாம் நாள், “இடவலமா வீசினான், நான் பக்கத்துல குதிச்சேன்” என்று ஒரு வரி. அங்கேதான் படிப்பு ஆரம்பித்தது. நான்காம் நாள் சாயங்காலம் லைனல் விழுந்தது. அவன் பயன்படுத்தியது மூன்று டுரியன். உடைந்தது இரண்டு நல்ல வாள். விழுந்த லைனலிடமிருந்து அதைவிட நல்ல ஆயுதம் கிடைத்தது. சேர்த்துவைத்ததைச் செலவு செய்தபிறகுதான் அடுத்தது வந்தது.

இன்னொரு கணக்கு சொல்கிறேன், நோட்டில் போட்டுப் பாருங்கள். நாட்டில் 120 சந்நிதிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஒளி உருண்டை. நான்கு உருண்டை கொடுத்தால் ஒரு இதயமோ, கொஞ்சம் உடல் தெம்போ கூடும். ஆக 30. நான்கு பெரிய இயந்திர மிருகங்களை விடுவித்தால் இன்னும் நான்கு இதயம். மொத்தம் 34. ஆனால் இதயத்தை 3-லிருந்து 30 ஆக்க 27 வேண்டும், தெம்பை முழுதாக நிரப்ப 10 வேண்டும். மொத்தம் 37. மூல விளையாட்டில் மூன்று குறைகிறது! நாட்டின் ஒரு மூலைவிடாமல் தேடினாலும் இரண்டையும் நிரப்ப முடியாது. முழு ஆயத்தம் என்ற ஒன்று அதன் கணக்கிலேயே இல்லை.

இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். எழுதட்டுமா என்று கேட்டேன், “எழுதுங்க சார்” என்றான். குரூப் 4 தேர்வுக்கு நான்காவது வருடமாகப் படிக்கிறான். அறை முழுக்க கைடு. போனில் நூற்றுக்கணக்கான பி.டி.எஃப். பன்னிரண்டு டெலிகிராம் குழு. இந்த முறை ஹால் டிக்கெட் எடுத்துவைத்துக்கொண்டு தேர்வுக்கே போகவில்லை. “போர்ஷன் முடியல சார். ரெடி ஆனதும் எழுதலாம்னு” என்றான். அப்பாவுக்குத் தையல் மிஷினில் உட்கார முடியாத முதுகுவலி. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இது சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எத்தனை மாதிரித் தேர்வு எழுதினாய் என்று கேட்டேன். நேரம் வைத்து முழுதாக எழுதியது ஒன்றுகூட இல்லை. மூன்று மணி நேரம், 200 கேள்வி. அதாவது ஒரு கேள்விக்கு 54 நொடி. அந்த 54 நொடி என்றால் எவ்வளவு என்று அவன் கைக்குத் தெரியாது. நான்கு வருடமாக டுரியன் பறித்துக்கொண்டிருக்கிறான்.

உடனே கோட்டைக்கு ஓடு என்று நான் சொல்லவில்லை. அதையும் இந்த விளையாட்டு அனுமதிக்கிறது. ஆரம்பப் பீடபூமியிலிருந்து இறங்கியதும் மூன்று இதயத்தோடு நேரே கேனானிடம் போகலாம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் முழு ஆட்டத்தையும் அரை மணி நேரத்துக்குள் முடிக்கிறார்களாம். ஆனால் ஒரு விஷயம். அந்த நான்கு மிருகங்களையும் விடுவித்துவிட்டுப் போனால் அவை சுட்டு, கேனானின் உயிரில் பாதியைக் குறைத்துவிடும். விடுவிக்காமல் போனால், அந்த மிருகங்களைப் பிடித்துவைத்திருக்கும் நான்கு பூதங்களும் அங்கேயே வரிசையாக வந்து நிற்கும். அவற்றை முடித்துவிட்டுத்தான் கேனானைத் தொடமுடியும், அதுவும் முழு பலத்தோடு. விட்டுவைத்த பாடம் கடைசிப் பரீட்சையில் வந்து நிற்கும் என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

விளையாட்டுக்கும் வாழ்க்கைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். அங்கே செத்தால் இரண்டு நிமிடம். இங்கே ஒரு தேர்வு போனால் ஒரு வருடம், வயது வரம்பு, வீட்டில் அப்பா முகம். அதனால்தான் பயம். அந்தப் பயம் நியாயமானது. அந்தக் காரணத்தாலேயே, தோல்வி மலிவாகக் கிடைக்கும் இடத்தில் முதலில் நிறையத் தோற்றுவிட வேண்டும் என்கிறேன். மாதிரித் தேர்வில் தோற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. தோற்றதும் ஒரு வரி எழுது, எதனால் போனது என்று. “கஷ்டமாக இருந்தது” என்று எழுதாதே, அது என் பேரனின் முதல் நாள் வரி. “விகிதக் கணக்கில் மூன்று நிமிடம் நின்றுவிட்டேன், விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை” என்று எழுது.

இது அவனுக்கு மட்டும் சொல்வதில்லை. மூன்று கோர்ஸ் முடித்தும் வேலைக்கு ஒரு விண்ணப்பம் போடாதவர்கள், டிரைவிங் பழகி லைசென்ஸும் வாங்கி வண்டியைத் தொடாதவர்கள், பட்டுப்புடவையை விசேஷத்துக்கு என்று பீரோவிலேயே வைத்திருக்கும் என் தங்கைகள் எல்லோரும் இந்தப் பட்டியலில் உண்டு. (தங்கைகள் கோபிக்க வேண்டாம்.)

இப்போது விஷயம். வரும் ஞாயிறு முதல் ஒவ்வொரு ஞாயிறும் காலை 9.30-க்கு நம் வீட்டுத் திண்ணையில் முழு மாதிரித் தேர்வு. 200 கேள்வி, 3 மணி நேரம், கடிகாரம் என்னுடையது. கட்டணம் கிடையாது. பேனாவும் ஒரு நாற்பது பக்க நோட்டும் கொண்டு வரவும். கைடு எதுவும் கொண்டு வரவேண்டாம். போர்ஷன் முடிக்காதவர்கள் கட்டாயம் வரவும். அவன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். துணைக்கு நாலு பேர் இருந்தால் அவனுக்குத் தெம்பாக இருக்கும்.

வருகிறவர்கள் கீழே கமெண்டில் ஒரு வார்த்தை போடுங்கள், கேள்வித்தாள் எத்தனை ஜெராக்ஸ் எடுப்பது என்று தெரிய வேண்டும். 12.30-க்கு எல்லோருக்கும் இங்கேயே சாப்பாடு. மிளகு ரசம் உண்டு. டுரியன் கிடையாது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்